யானைக்குச் சளி பிடித்தால்

வடசென்னை வியாசர்பாடியில் என் வயதை ஒத்தவர்களிடம், சின்னப்பிள்ளையாய் இருந்தபோது நீங்கள் பார்த்த முதல் படம் எது என்று கேட்டால், சிலர் ஒரு எம்.ஜி.ஆர். படத்தைச் சொல்வார்கள், சிலர் வீட்டுச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைச் சொல்வார்கள். அவர்களையே டீக்கடை பெஞ்சில் கொஞ்சநேரம் உட்காரவைத்து நினைவைக் கிளறிவிட்டால் வேறு சில படங்களும் மெல்ல வெளியே வரும். ரேஷன் கடைச் சுவரில் தலைகீழாய் நின்ற சிவப்பு முக்கோணம். அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு முகங்கள். பால்வாடியில் ஆணியில் மாட்டியிருந்த துணிச் சார்ட்டு. எல்லாவற்றையும்விட, பெரியம்மை தேடி வந்தவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய அந்த அட்டை. உங்களுக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று ஞாபகம் இருக்கும். படப்புத்தகம் என்ற ஒன்று எங்கள் தெருக்களுக்கு வந்து சேர்வதற்கு வெகுநாள் முன்பே, உடம்பைப் பற்றிய படங்கள் வந்து சேர்ந்துவிட்டன. நாங்களும் அவற்றைக் கதையாகத்தான் படித்தோம்.

அந்த அட்டையின் வரலாறு பெரியது. 1970களில் பெரியம்மையை ஒழிக்கும் வேலை முடியும் தறுவாயில் இருந்தபோது, உலக சுகாதார நிறுவனம் அச்சிட்ட அடையாள அட்டைகளோடு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். முகத்திலும் கைகளிலும் கொப்புளம் மொய்த்த ஒரு குழந்தையின் வண்ணப்படம் அதில் இருக்கும். இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்த்துத் தகவல் சொன்னால் சன்மானம். 1975இல் அது ஆயிரம் ரூபாய் வரை போனது. எங்கள் தெருவில் யாருடைய மாதச் சம்பளமும் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. பெரியவர்கள் நிலைக்கதவைப் பிடித்தபடி பதில் சொல்லிக்கொண்டிருக்க, அவர்களுடைய இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே தலையை நுழைத்து நாங்கள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அது புளியந்தோப்புப் பிள்ளை என்பான் ஒருவன், எருக்கஞ்சேரி என்பான் இன்னொருவன். வந்தவருக்கு நோயைப் பற்றித் தெரிந்தால் போதும். எங்களுக்கோ அந்தக் குழந்தை பிழைத்ததா இல்லையா என்பது தெரிந்தாக வேண்டும்.

அதை ஆயாதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். அட்டைக்காரர் போன பிறகு எங்களை வாசல்படியில் உட்காரவைத்து, அந்தக் குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியாயிற்று, மூன்றாம் தண்ணீருக்கு அப்புறம் தயிர்சாதம் தின்றது, இப்போது எண்ணூரில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறது என்று முடித்துவைத்தாள். கூடவே, "ஊசி குத்திக்கினா அதுவும் வராது, புரிஞ்சுதா?" என்று தன் கையில் இருந்த வட்டத் தழும்பைத் தடவிக் காட்டுவாள். மாரியாத்தாளும் தடுப்பூசியும் ஒரே கதையில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 1977இல் இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்த அட்டைகளும் அத்தோடு போய்விட்டன. ஆனால் ஒரு படத்தை நடுவில் வைத்து, பெரியவர் ஒருவரும் பிள்ளைகள் சிலரும் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதை ஆயா அன்றே காட்டிவிட்டாள். இன்றைக்கு அதையே பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்து எழுதுகின்றன.

பால்வாடிக்கு வருவோம். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை எங்களைக் காலையில் கொண்டுபோய் விட்ட அந்த ஒற்றை அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் தலை கொதிக்கும், ஐப்பசி மழையில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. தூரத்தில் பி அண்ட் சி மில்லின் சங்கு ஊதினால் டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குத் திரும்புகிறவர்கள்தாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 காந்தி ஜெயந்தி அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அலுமினியத் தட்டில் விழும் கோதுமை உப்புமாவின் வாசனையும், அதற்கு முன்னால் கை கழுவ வரிசையில் நிற்பதும், அந்த வரிசைக்கு நேர் எதிரே தொங்கிய சார்ட்டும்தான்.

சார்ட்டில் இரண்டு பையன்கள். இடது பக்கத்துப் பையன் நகம் வெட்டாதவன், தலை வாராதவன். ஈ மொய்த்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நிற்பான், பக்கத்தில் ஒரு நாய் வாலாட்டும். வலது பக்கத்துப் பையன் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, சுவரில் பதித்த வெள்ளைத் தொட்டியின் முன் நின்று பல் தேய்ப்பான். எல்லோரும் வலது பக்கத்துப் பையன் மாதிரி இருக்கவேண்டும் என்று டீச்சரம்மா பிரம்பால் தொட்டுக் காட்டுவார். எங்கள் கண்ணெல்லாம் இடது பக்கத்திலேயே இருக்கும். அங்கேதான் பார்க்க நிறைய இருந்தது. நாய்க்கு என்ன பேர், பழத்தை யார் கொடுத்தார்கள், மழை எப்போது பெய்தது என்று அந்தப் பையனைச் சுற்றி நாங்கள் ஒரு தெருவையே கட்டிவிட்டோம். வலது பக்கத்துப் பையனிடம் எங்களுக்கிருந்த ஒரே கேள்வி அந்த வெள்ளைத் தொட்டி எதற்கு என்பது. அடி பம்பில் ஆள் மாற்றி ஆள் அடித்துக் குடம் நிரப்பும் தெருவில் வாஷ்பேசினை யார் பார்த்திருக்கிறார்கள்? பல் தேய்ப்பது சாம்பலில், கரித்தூளில், கொஞ்சம் வசதியிருந்தால் கோபால் பல்பொடியில். வாய் கொப்பளிப்பது வாசல் சாக்கடையில்.

இப்போது யோசித்தால், அந்தச் சார்ட்டை வரைந்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்லது செய்யவேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார். ஆனால் வியாசர்பாடிப் பிள்ளை ஒன்று அந்தப் படத்தில் தன்னைத் தேடினால், அது கெட்ட பையனின் பக்கத்தில்தான் கிடைக்கும். சேறு எங்களுடையது, நாய் எங்களுடையது, ஈயும் எங்களுடையது. மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் பாடமாக இதைக் கொடுத்திருக்க வேண்டாம்.

உலகத்தின் பழைய படப்புத்தகங்களிலும் உடம்பைப் பற்றிய மிரட்டல் இருந்தது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் என்று ஒரு டாக்டர் இருந்தார். தன்னிடம் வரும் பிள்ளைகள் பயந்து அழுதால், ஒரு தாளில் ஏதாவது வரைந்து காட்டி அழுகையை நிறுத்திவிட்டுத்தான் நாடி பார்ப்பாராம். 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் புத்தகம் தேடிப் போனவர், எதுவும் பிடிக்காமல் வெறும் நோட்டு ஒன்றை வாங்கிவந்து தானே வரைந்து கொடுத்தார். அடுத்த ஆண்டு அச்சாகி உலகமெல்லாம் போன அந்தப் புத்தகத்தில், கஞ்சி வேண்டாம் என்று அடம்பிடிக்கும் கொழுகொழுப் பையன் நாளுக்கு நாள் இளைத்து ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். விரல் சூப்புகிறவனின் கட்டைவிரலைத் தையற்காரன் பெரிய கத்தரியோடு ஓடிவந்து வெட்டிவிடுகிறான். அழும் பிள்ளையைச் சிரிக்கவைக்கத் தெரிந்த மனிதர்தான் இதையும் வரைந்தார் என்பதை நினைத்தால், பயத்தைக் காட்டினால் பிள்ளை தேறும் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாய் ஊறியது என்று தெரிகிறது. எங்கள் வீடுகளில் மட்டும் என்ன? "துன்னலேன்னா நர்ஸம்மா வந்து ஊசி போட்ருவாங்க" என்ற ஒரு வாக்கியத்தை வைத்தே எத்தனை கவளம் உள்ளே போயிருக்கிறது! அந்த நர்ஸம்மா உண்மையிலேயே ஊசிப்பெட்டியோடு வந்து நிற்கும் நாளில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் பந்தாடும் மைதானத்தைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து, ஏன் ஓடுகிறார்கள் என்று அந்த அம்மாமார்களே திகைத்து நிற்பார்கள்.

பயமே இல்லாத உடம்புப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது நைனாவின், அதாவது அப்பாவின், தொழிற்சங்கத்தால்தான். கூட்டம் நடக்கும் இடங்களில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸார் கடை விரிப்பார்கள். மாஸ்கோவில் அச்சான வழவழப்பான புத்தகங்கள், நாங்கள் நம்பமுடியாத மலிவு விலைக்குக் கிடைக்கும். அப்படி வந்ததுதான் கர்னேய் சுக்கோவ்ஸ்கி 1923இல் வெளியிட்ட, அழுக்குப் பையனைத் துரத்தும் முகம் கழுவும் மேடையின் கதை. போர்வை ஓடுகிறது, தலையணை ஓடுகிறது, பையன் தெருவில் ஓட, தேய்க்கும் நார் துரத்த, முதலை ஒன்று வந்து அந்த நாரை விழுங்குகிறது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நைனாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எங்களுக்கும் வராது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து அவராகவே ஒரு கதை கட்டுவார். முதலை ஒருநாள் பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து வரும், ஒருநாள் பேசின் பிரிட்ஜ் பக்கமாக வரும். "இப்ப இவன் இன்னா பண்ணுவான் சொல்லு பாக்கலாம்" என்று நிறுத்துவார். நாங்கள் சொல்வதுதான் கதை. சார்ட்டில் பார்த்த அந்த வெள்ளைத் தொட்டியின் ரகசியமும் அந்தப் புத்தகத்தில்தான் எங்களுக்குப் பிடிபட்டது. கால் முளைத்து ஓடிவரும் தொட்டியைப் பார்த்த பிறகு, வாசலில் இருந்த மண் தொட்டியிடம் கை நீட்டிக் கழுவுவது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

நைனா செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று வெகுநாள் கழித்து அறிந்தேன். உரையாடல் வாசிப்பு என்கிறார்கள். குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இல் தம் குழுவோடு ஒரு ஆய்வை வெளியிட்டார். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவிடம் வழக்கம்போலப் படித்துக் காட்டச் சொன்னார்கள். மற்றப் பிரிவுக்கு, நீங்கள் படிப்பதைக் குறையுங்கள், கேளுங்கள், பிள்ளை சொல்லட்டும், அது ஒரு சொல் சொன்னால் நீங்கள் இன்னும் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்று பழக்கிவிட்டார்கள். ஒரு மாதம்தான். இரண்டாம் பிரிவுப் பிள்ளைகள் பேச்சில் பல மாதங்கள் முந்திப்போயிருந்தார்கள். உடம்பு விஷயத்தில் இதற்கு இரட்டைப் பலன் உண்டு. நாலு வயதுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் டாக்டர் முதலில் கேட்பது எங்கே வலிக்கிறது என்றுதான். வயிறு, தொண்டை, காது, குத்துகிறது, எரிகிறது, சுத்துகிறது என்ற சொற்கள் கையில் இருக்கிற பிள்ளை பதில் சொல்லும். இல்லாத பிள்ளை அழும். அந்தச் சொற்களைக் காய்ச்சல் வந்த ராத்திரியில் கற்றுக்கொடுக்க முடியாது. நன்றாயிருக்கும் நாளில், மடியில் உட்காரவைத்து, படத்தில் இருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுத்தான் கொடுக்கமுடியும்.

காலம் ஓடியது. 1982 ஜூலையில் கிராமங்களில் தொடங்கிய சத்துணவு அந்த ஆண்டே நகரத்துக்கும் வந்து, கோதுமை உப்புமாவின் இடத்தில் சோறும் சாம்பாரும் உட்கார்ந்தன. 1992 அக்டோபரில், அதுவரை உலகம் கண்டிராத புதுவகைக் காலரா இந்தச் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. ஓ139 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு வந்த துண்டுத்தாள்களிலும் படங்கள்தான் பேசின: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கியதை முதலில் நீங்கள் நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாய் இருந்தால் கொட்டிவிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தாளை என் அக்காவின் பிள்ளைகள் கப்பல் செய்யாமல் வைத்திருந்ததற்குக் காரணம், அதில் தம்ளர் பிடித்த பாப்பா ஒன்று இருந்தது, அதற்குப் பேர் வைத்திருந்தார்கள், அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் அந்த உவர்ப்புத் தண்ணீரைக் குடித்தார்கள்.

பிறகு 1996. பி அண்ட் சி மில் மூடியது. நூற்றுச் சொச்சம் வருஷம் இந்தப் பக்கத்து ஜனங்களை எழுப்பிய சங்கு நின்றது. அதே வருஷம் இதே ஊரில் தூலிகா என்ற பதிப்பகம் சிறுவர்களுக்கான படப்புத்தகங்களைத் தமிழ் உட்பட பல மொழிகளில் போடத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் என் மனம் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. கதை சொல்ல ஆள் இருந்த வீட்டில் புத்தகம் இல்லை. புத்தகம் வந்தபோது நைனாமார் வேலை தேடிக் கண்காணாத ஷெட்டுகளுக்கும் செக்யூரிட்டி வேலைகளுக்கும் கலைந்துபோயிருந்தார்கள்.

இப்போது என் பேத்தி பால்வாடிக்குப் போகிறாள். அதே தெருக்கோடி, அறை மட்டும் வேறு. தரையில் டைல்ஸ், சுவரெல்லாம் கேரட்டும் ஆப்பிளும் சிரிக்கிற ஓவியங்கள், சின்னச் சின்ன நாற்காலிகள், வாராவாரம் முட்டை, மாதாமாதம் எடை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமே பெயரில் விளையாட்டை வைத்திருக்கிறது. பிரம்புக்கு அதில் இடம் இல்லை. கை கழுவும் இடத்தில், ஆம், வெள்ளைத் தொட்டி இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அதைப் பதித்த மேஸ்திரியின் கைகள் நன்றாயிருக்கட்டும் என்று முதல் நாள் நான் வாய்விட்டே சொன்னேன்.

அவளும் நானும் படித்த புத்தகங்களில் எங்கள் வீட்டில் அட்டை கிழிந்து தைக்கப்பட்ட பெருமை ஒன்றுக்குத்தான் உண்டு. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து தூலிகா போட்ட கஜபதி குலபதி. கோயில் யானைக்குச் சளி பிடிக்கிறது. யானைத் தும்மல் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதுதான் புத்தகம். மிரட்டல் கிடையாது, புத்திமதி கிடையாது, நல்ல பையன் கெட்ட பையன் கிடையாது. பக்கத்தைத் திருப்பும் முன்னே பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துக் காத்திருப்பாள். தும்மல் வந்ததும் நான் பின்னால் சாயவேண்டும். சாயாவிட்டால் மறுபடி முதல் பக்கம். "தாத்தா, ஆனைக்கு இன்னாத்துக்கு மூக்கு ஒழுவுது?" "மழையில நனைஞ்சிருக்கும்." "கைக்குட்டை எவ்ளோ பெருசு வேணும்?" "நீயே சொல்லு." கொடியில் காய்ந்த போர்வையைக் காட்டினாள். அன்றிலிருந்து தும்மல் வந்தால் ஓடிப்போய் எதையாவது எடுத்து மூக்கை மூடிக்கொள்கிறாள். சிலசமயம் அது என் வேட்டி நுனி. சளிக்குத் துணி வேண்டும், தும்மினால் மூடவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு காயின் படப்புத்தகத்தைத் தினமும் இரண்டு வாரம் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பார்த்தார்கள். அப்புறம் அந்தக் காயைத் தட்டில் வைத்தபோது, பார்க்காத காய்க்குத் தயங்கிய அளவுக்கு இதை வாயில் வைக்கப் பிள்ளைகள் தயங்கவில்லை. எங்கே விளைகிறது, எப்படி நறுக்குகிறார்கள் என்று கண் பழகியிருந்தால் நாக்கும் பழகத் தயாராகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆயாவின் முறம்தான் ஞாபகம் வந்தது. முருங்கைக்கீரை உருவும்போது எங்களைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொரு இணுக்குக்கும் ஒரு பேச்சு பேசியபடி உருவுவாள். உருவின கீரையை எங்களில் யாரும் வேண்டாம் என்றதில்லை. இன்று கீரை ஆய்ந்து கட்டிக் கவரில் வந்துவிடுகிறது. கட்டாயம் வசதிதான், என் மகள் வேலைக்கு ஓடவேண்டும். ஆனால் கீரைக்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த அந்த அரைமணிப் பேச்சு கவரில் வருவதில்லை. அதை ஒரு புத்தகமாவது திருப்பிக் கொடுக்கட்டும்.

செல்போனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காலத்தைச் சொல்லமுடியாது. அது வந்ததால் கிடைத்ததை மறைக்கவும் கூடாது. பிரதம் புக்ஸ் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்து, படக்கதைகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம் என்று விட்டது. புத்தகம் வாங்கும் சக்தியில்லாத தெருவுக்கு அது எவ்வளவு பெரிய கொடை! 2020இல் பால்வாடிகள் பூட்டிக்கிடந்து, நகரத்திலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று மிகுதி என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்த மாதங்களில், நோயைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகள் சில வாரங்களிலேயே போனுக்கு வந்துவிட்டன. உலக அமைப்புகள் பல சேர்ந்து, 1,700க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டு, சாரா என்ற சிறுமியும் ஆரியோ என்ற பறக்கும் உயிரும் வரும் ஒரு கதையை வெளியிட்டன. அது நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. அப்போது நாலு வயதாயிருந்த என் பேரனுக்கு அந்தக் கதையைக் காட்டித்தான் வாசல்பக்கம் ஏன் போகக்கூடாது என்று சொன்னோம். பெரியம்மை அட்டையின் குழந்தை பிழைத்ததா என்று தெரியாமல் தவித்த தலைமுறைக்காரனுக்கு, பிள்ளையின் பயத்தைக் கேட்டுவிட்டு எழுதப்பட்ட கதையைக் கையில் பிடித்தபோது தொண்டை அடைத்தது.

அதே போன், சோறு ஊட்டும் நேரத்தில் பிள்ளை கையில் தனியாக ஓடும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது. கண் திரையில், வாய் தானாகத் திறக்கிறது. என்ன தின்றோம் என்று பிள்ளைக்கும் தெரியாது, எப்போது வயிறு நிறைந்தது என்று ஊட்டுகிறவருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சொன்ன நெறிமுறையில், இரண்டிலிருந்து நாலு வயதுவரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம் என்றது; அதோடு நிற்காமல், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் படித்துக்காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்றும் எழுதியது. பால்வாடியிலும் டீச்சரம்மாவின் கை ஓய்வதில்லை. யார் வந்தார்கள், யார் தின்றார்கள், யார் எத்தனை கிலோ என்று எல்லாவற்றையும் போனில் ஏற்றவேண்டும். அந்தக் கணக்கு தேவைதான். மெலியும் பிள்ளை கண்ணுக்குத் தப்பாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் இரண்டு கையும் போனில் இருக்கிற ஆளால் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிக்கமுடியாது. அலமாரியில் நல்ல நல்ல புத்தகங்கள் பூட்டுக்குள் அழகாக இருக்கின்றன.

புத்தகங்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கை கழுவும் பாடம் எங்கே பார்த்தாலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில்தான் நடக்கிறது. எங்கள் தெருக்களில் இன்னும் பல வீடுகளுக்குத் தண்ணீர் என்றால் நீலமும் பச்சையும் மஞ்சளுமான பிளாஸ்டிக் குடங்களின் வரிசை, டிரம், லாரி வரும் சத்தம். கொசுவைப் பற்றிய கதை என்றால் சாக்கடையும் குப்பையும் வரைகிறார்கள். டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசுவோ நாம் பத்திரமாகப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும், ஏழெட்டு நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் அந்தச் சங்கிலி அறும். இதைச் சொல்ல வியாசர்பாடியைவிட நல்ல கதைக்களம் எங்கே இருக்கிறது? மூடி சரியாகப் பொருந்தாத டிரம், மொட்டைமாடி டயர், மழைத்தண்ணீர் தேங்கிய கணேசபுரம் சுரங்கப்பாதை, ஜீவா ஸ்டேஷனில் நிற்கும் ரயில், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகை வந்தால் ஜன்னலைச் சாத்தும் அம்மா, இழுப்பு வந்தால் குழல் மருந்து உறிஞ்சிவிட்டுத் திரும்பவும் பந்தாடப் போகும் பையன். இவர்கள் எல்லாம் ஒரு படப்புத்தகத்தின் நல்ல பக்கத்தில் இருக்கவேண்டும். நாலு வயதுப் பிள்ளை புரட்டும்போது, இது நம்ம குடம், இது நம்ம தெரு என்று விரல் வைக்கவேண்டும். டிரம்மில் நெளியும் புழுவை முதலில் கண்டுபிடிக்கிறவர் அந்தக் கதையின் நாயகியாக இருக்கட்டும்; பேத்தியிடம் வாய்க்கதையாக இதைச் சொன்னதிலிருந்து, எங்கள் வீட்டு டிரம்முக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது.

அந்தக் காலமே நல்லது என்று நான் சொல்லவில்லை. எங்களோடு பால்வாடியில் உட்கார்ந்த பிள்ளைகளில் வயிற்றுப்போக்குக்கும் தட்டம்மைக்கும் போனவர்கள் உண்டு. காலை இழுத்து நடந்தவர்கள் உண்டு. 2014இல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்தபோது, அவர்களில் ஒருவன் தெருமுனையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். இந்த நாட்களை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அப்போது இருந்த ஒன்றே ஒன்றை மட்டும் இந்த நாட்களுக்குள் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்பேன். படத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த ஆள், தெரியாத எழுத்தைக்கூடத் தன் கதையால் படித்துக்காட்டிய அந்த ஆள், இப்போதும் வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஓய்வுபெற்றவர்கள், பேரப்பிள்ளையை விட்டுவிட்டு வாசலிலேயே காத்திருக்கும் ஆயாக்கள், ஷிப்ட் முடிந்து வரும் அப்பாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பால்வாடியில் ஒரு அரைமணி நேரம் பிள்ளைகள் பசியோடு சிணுங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு பாயும் ஒரு புத்தகமும் போதும். டீச்சரம்மாவிடம் கேட்டு அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள், கிழிந்தால் நாங்கள் ஒட்டித் தருகிறோம் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் படத்தைக் காட்டி "இது இன்னா கண்ணு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினால் போதும். மிச்சத்தைப் பிள்ளைகள் சொல்வார்கள்.